முப்பத்து மூன்று கிலோ

முட்டைக்கோஸை இடது உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னால் நான்கு பேர் பையோடு காத்திருக்கிறார்கள். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "எண்ணூத்திப் பத்து கிராம்," என்கிறார். கடைக்காரர் தராசில் வைத்தால் எண்ணூற்றுப் பதினெட்டு காட்டுகிறது. கடைக்காரர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "தட்டுல தண்ணி நிக்குது பாருப்பா. தொடச்சிட்டு வை." துடைத்து வைத்ததும் எண்ணூற்றுப் பத்து. காத்திருந்தவர்களில் ஒருவர் கைதட்டுகிறார். இவர் காசைக் கொடுத்துவிட்டு, ஏதோ யோசனையில், கோஸை அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறார். ஓடிப்போய்க் கொடுப்பது என் வேலை.

இவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். மற்றவர்களுக்குத் தராசு சார். எடைக்கருவிகள் சரியாக நிறுக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைப்பது தொழில். காய்கறிக் கடை, தபால் அலுவலகம், நகைக் கடை, லாரிகளை நிறுக்கும் மேடை என்று எங்கே எடை உண்டோ அங்கே அத்தான் உண்டு. பிரசவ வார்டில் குழந்தைகளை நிறுக்கும் தராசைச் சரிபார்க்கப் போன இடத்தில்தான் அங்கே நர்ஸாக இருந்த அக்காவைப் பார்த்தார். தராசில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் ஒன்பது முறை அதைச் சரிபார்க்கப் போயிருக்கிறார்.

வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. சுவரோரமாக இருபது கிலோ இரும்புக் கற்கள் இருபத்தைந்து, வரிசையாக. மேஜை இழுப்பறையில் வெல்வெட் துணி விரித்த பெட்டிக்குள் மில்லிகிராம் எடைகள். அவற்றை இடுக்கியால்தான் எடுப்பார். நடுத்தர எடைகளுக்கு வெள்ளைக் கையுறை. "வெறுங்கையால தொட்டா விரல் எண்ணெய் ஒட்டும், எடை கூடிடும்." கல்யாணமான புதிதில் அக்கா அந்தப் பெட்டியிலிருந்த எடைகளைப் பாசத்தோடு சோப்புப் போட்டுக் கழுவி வைத்தாளாம். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை என்று அக்கா கண் காது மூக்கு வைத்துச் சொல்வாள்.

அந்த இருபத்தைந்து கற்களும் அவருடைய வேனில் ஏறினால்தான் பெரிய தராசுகளைச் சோதிக்க முடியும். முப்பது வருஷமாக அரை டன் இரும்போடுதான் அவர் எங்கும் போகிறார். மேட்டைக் கண்டால் வேன் முனகும், அத்தானும் சேர்ந்து முனகுவார். சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியும்போதே பிரேக்கை மிதிக்கத் தொடங்கிவிடுவார். அப்போதுதான் விளக்கடியில் போய் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் என்ன பேர் சொல்லித் திட்டுவார்கள் என்பது அவருக்குப் பாடம்.

மில்லிகிராம் பெட்டிக்கு அடியில் ஒரு பழைய விளம்பரப் புத்தகம் இருக்கிறது. இரண்டே இருக்கை, பின்னால் மடங்கும் துணிக்கூரை, தரையை ஒட்டிய உடம்பு, தவளைக்கண் மாதிரி இரண்டு விளக்கு. சின்னதொரு ஸ்போர்ட்ஸ் கார். எடை: தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து கிலோ. புதிதாக விற்ற காலத்தில் இவரால் வாங்க முடியவில்லை. புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைக் கரைத்துக் குடித்திருக்கிறார். மழைபெய்யும் மத்தியானங்களில் வேலை இருக்காது. இரும்புக் கற்களின் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு சன்னமான குரலில் பேசுவார். "எடையே இல்லாம இல்ல மாப்பிள. வேண்டிய எடை மட்டும். ஒரு தடவ வெறுங்கையோட எங்கயாவது போய்ப் பாக்கணும். திருப்பத்துல வண்டி நம்மள இழுக்காது, நாம நெனச்சா திரும்பிடும்." அப்போது அந்தக் கற்களெல்லாம் கூட லேசாகிவிட்டது போல எனக்கு இருக்கும். அவர் குரலில் அப்படி ஒரு மயக்கம் உண்டு.

ஐம்பத்தாறு வயதில், மகள் வேலைக்குப் போய்விட்ட பிறகு, பழையதாக ஒன்று தேடத் தொடங்கினார். இரண்டு வருஷத்தில் ஐந்து வண்டி பார்த்தோம். ஒன்றில் துரு, ஒன்றில் கூரை ஒழுகல், ஒன்றின் சொந்தக்காரர் அதிகம் சிரித்தார். எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். "ரெண்டு பேர் உக்கார்ற வண்டி, அதுவும் தரையில உக்கார்ற மாதிரி. இதுக்கு ஒரு பாய வாங்கிப் போட்டு உக்காரலாமே," என்பாள் அக்கா. ஆனால் ஆறாவது வண்டிக்கான விளம்பரத்தைக் கத்தரித்து அவர் தட்டுக்கு அடியில் வைத்தது அவள்தான்.

ஆறாவது வண்டியின் சொந்தக்காரி ஒரு நீச்சல் டீச்சர். நகர நீச்சல் குளத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவ்வளவு தாழ்ந்த இருக்கையில் சுலபமாக இறங்கி ஏற முடியவில்லை. கார் ஷெட்டில் ஆணியில் ஒரு விசில் தொங்கியது, கொடியில் துண்டுகள் காய்ந்தன. வாசலில், கழுவித் துடைத்து, பாசிப்பச்சை நிறத்தில் அந்த வண்டி நின்றது. அத்தான் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்று டீச்சர் சிரித்தார்.

கையுறை விரலால் கதவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை; தூங்கும் குழந்தையைப் பார்க்கிறவர் முகம் அது. இது முடிந்துவிடும், இன்றே வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ வேனுக்குப் போய், லாரிச் சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் தட்டைத் தராசுகள் நான்கைக் கொண்டுவந்தார். டீச்சர் பொறுமையாக ஏறி வண்டியை அவற்றின்மேல் நகர்த்திவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினார். அத்தான் நான்கு எண்களையும் எழுதிக் கூட்டினார். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. முன் சக்கரங்கள் சரியாக இருந்தன. புத்தகத்தில் போட்டிருந்ததைவிடக் கூடுதலாக இருந்த முப்பத்து மூன்று கிலோவும் பின்பக்கம்.

"பின்னாடி அடி வாங்கியிருக்கு," என்றார். "தகடு வச்சு ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கீங்க."

"பத்தொம்பது வருஷமா நான்தான் ஓட்டறேன். ஒரு கீறல்கூட விழுந்ததில்ல."

"மனுஷங்க பொய் சொல்லுவாங்க. தராசு சொல்லாது."

டீச்சர் சாவியைக் கையில் மூடிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் வருகிறார் என்று மட்டும் சொன்னார். நாங்கள் தராசுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அன்று வெள்ளிக்கிழமை.

ராத்திரிச் சாப்பாட்டில் நான்தான் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். வார்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. கேட்டுவிட்டு, குழம்புக் கரண்டியை வைத்தாள்.

"அந்த வண்டில பெட்ரோல் டேங்க் எங்க இருக்கு?"

"சீட்டுக்குப் பின்னாடி," என்றார் அத்தான்.

"அதுல பெட்ரோல் எவ்ளோ இருந்துச்சு?"

அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் துணியோட குழந்தைய நிறுத்துட்டு குண்டா இருக்குன்னு எழுதினா, என்ன வார்டுலயே வச்சிருக்க மாட்டாங்க," என்றாள் அக்கா.

அத்தான் எழுந்துபோய் விளம்பரப் புத்தகத்தை எடுத்துவந்தார். எடைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'எரிபொருள் நீங்கலாக' என்று இருந்தது. அவருக்குத் தலைகீழாகத் தெரிந்த வரிதான். டேங்கின் கொள்ளளவு நாற்பத்தைந்து லிட்டர். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காகிதம் தேவைப்படவில்லை. "முப்பத்து மூணு," என்றார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். "ஆனை விழுந்தா ஆனைக்கு மட்டும்தான் அடி. நான் அந்தம்மா மேல விழுந்துட்டேன்," என்றார்.

பாத்திரத்தின் எடையைக் கழிக்காத கடைக்காரர்களை வாழ்நாள் முழுக்கக் கடிந்துகொண்ட மனிதர் இதை எப்படிக் கோட்டைவிட்டார்? நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பயம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக எட்டத்தில் இருந்த ஒன்று கையுறை விரலுக்கு அடியில் வந்து நின்றதும், ஒரு குறை கிடைத்தால் பழையபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து ஆசைப்பட்டுக்கொண்டே இருக்கலாம் என்று மனசு தேடியிருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆசைப்பட்டதைக் கண்டு நானும் அப்படி ஓடியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை, வேனை வீட்டிலேயே விட்டுவிட்டு, மறுபடி போனோம். தராசு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் இன்னும் சூடேறாத நேரம், தெரு முழுக்க மரநிழல் அசைந்துகொண்டிருந்தது. டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் தப்பா நிறுத்துட்டேன்," என்றார் அத்தான். அந்த மூன்று வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. "டேங்க்ல பெட்ரோல் இருக்குமேன்னு யோசிக்கல. வண்டி சரியா இருக்கு. நான்தான் சரியா இல்ல."

டீச்சர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "முந்தாநாள்தான் முழுசா நிரப்பி வச்சேன். வீட்டவிட்டுப் போறத வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு." அப்புறம் குரல் மாறியது. "நேத்து நீங்க போனதும் பின் சக்கரத்துக்கிட்ட முட்டி போட்டுப் பாத்தேன். நெஜமாவே எங்கயாவது இடிச்சு, வயசாகி, எனக்கே மறந்துபோச்சோன்னு. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு முட்டி போட்டேன் சார். எழுந்திரிக்க அரைமணி நேரம்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்று ஏதோ தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. திரும்பிப் போகலாம் என்று என் கையைத் தொட்டார். வண்டி கிடைக்கும் என்ற நினைப்பை விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

"எங்க போறீங்க?" என்றார் டீச்சர். "நாளைக்கு வர்றவர் போன்லயே முடிச்சிட்டார். எதையும் பாக்கணும்னு அவசியமில்லயாம், சாவி குடுத்தாப் போதுமாம். ஒண்ணுமே பாக்காதவர்கிட்ட இதக் குடுக்க எனக்கு மனசு வரல. நீங்க கையுறை போட்டுத் தொட்டீங்க." உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

காகிதங்களில் கையெழுத்தாயிற்று. அத்தான் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். நான் பக்கத்தில், முழங்கால் மோவாயில் இடிக்க. கூரையைப் பின்னால் மடக்கினோம். வண்டி உயிர்பெற்று உறுமிய சத்தத்தில் டீச்சர் ஷெட் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, கதவின்மேல் கையை வைத்து, எங்களிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "இது போறத நான் பாத்ததே இல்ல. எப்பவும் உள்ளதான உக்காந்திருந்தேன்."

கிளம்பினோம். அத்தான் காலை அழுத்தியதும் வண்டி துள்ளியது. பழக்கதோஷத்தில் தெருமுனைக்கு வெகு முன்பே பிரேக்கை மிதித்தார், நடுத்தெருவில் சும்மா நின்றது. ஒரு நாய் எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அத்தான் சிரித்தார். மறுபடி மெல்ல விட்டார். இலைகளின் நிழல் எங்கள் மடியில் விழுந்து விழுந்து ஓடியது. தலைக்குமேல் எதுவும் இல்லை, வானம்தான். இடப்பக்கம் திரும்பினால் வீட்டுக்குப் போகும் வழி. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

அத்தான் திரும்பவில்லை. தெருமுனையில் ஓரமாக நிறுத்தினார்.

"மாப்பிள, எறங்கு."

"ஏன் அத்தான்?"

"நீ இருந்தா பின்னாடி அழுந்தும். பாக்க நல்லா இருக்காது."

இறங்கினேன். அவர் வண்டியைத் திருப்பி, வந்த வழியே விட்டார். டீச்சர் வீட்டு வாசலைக் கடந்து, தெருவின் அந்தக் கோடிவரை போய், வட்டமடித்துத் திரும்பி, மறுபடி அதே வாசலைக் கடந்தார். டீச்சர் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்கே வந்துவிட்டார். அத்தான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை, கையசைக்கவும் இல்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்து, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வேகமாக, மூன்றாவது முறையாக அவர் எதிரில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.