ஒன்பதாவது மாடி, பாதி விலை

சத்தியமாக நடந்தது. எங்கள் குடும்பத்தில் கதை அளப்பது என் இலாகா. ஆனால் இதைச் சொன்னவள் என் கொழுந்தியாள். தன் கல்யாணத்தில்கூடச் சிரிக்காதவள்.

அவள் புருஷன், என் சகலை, கொத்தனார் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவருக்குச் சொந்தமாக ஒன்று வாய்க்கவில்லை. வாடகை வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கைக்கு எட்டும் விலையில் ஒரு ஃபிளாட் தேடி இருவரும் மூன்று நகரங்கள் அலைந்தார்கள். முதலாவதில் யானை விலை. இரண்டாவதில் வீடா, தீப்பெட்டியா என்று தெரியவில்லை. மூன்றாவதில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. நான்காவது நகரத்தில், ஒன்பதாவது மாடியில், பாதி விலைக்கு ஒன்று!

மதியம் 2.40. தரகர் வாசலோடு நின்றுவிட்டார்.

“உள்ள வாங்களேன்” என்றாள் கொழுந்தியாள்.

“கால் வலிம்மா. நீங்க பாருங்க.”

லிஃப்டில் வந்த மனிதருக்குக் கால் வலியாம்!

சகலைக்கு ஒரு வழக்கம். எந்த வீட்டிலும் டைல்ஸைச் சாவியால் தட்டிப் பார்ப்பார். பின்னால் சிமெண்ட் நிறையாமல் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். குளியலறைச் சுவரில் வரிசையாகத் தட்டினார். டிக். டிக். டிக். மூலையில் ஒன்று மட்டும்... டொம்.

“உள்ள காலி! இன்னும் விலையைக் குறைச்சிடலாம்டி!”

ஆனந்தம் தாங்காமல் மூன்று தட்டு தட்டினார். டொம். டொம். டொம்.

கையை எடுத்தார்.

டொம்...

“ஏங்க, போதும் தட்டினது.”

“நான் தட்டல.”

2.46. அந்த டைல்ஸ் மட்டும் வியர்த்தது. வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். மேஸ்திரி அல்லவா... காதை வைத்துக் கேட்டார்!

பிடித்தது.

நரைத்த உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்தது. கை தெரியவில்லை. தலையைப் பின்னால் இழுத்து, முகத்தைச் சுவரில் மோதியது. மடார்! இரண்டு பல் தெறித்தன. மடார்! மூக்கு உடைந்தது. ரத்தம் கூரைவரை பீய்ச்சியது என்பேன் நான்; கண்ணாடிவரைதான் என்பாள் அவள்.

“விடுடா நாயே!”

இடுப்பைக் கட்டி இழுத்தாள். சுவரும் இழுத்தது.

மடார்.

பிறகு... பழைய வேட்டி கிழிகிற சத்தம்.

இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள். 2.49. வாசலில் தரகர் இல்லை.

தலையில் இருபத்தாறு தையல். வீடு போனாலும் உயிர் மிஞ்சியது. இப்போது என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள்.

மறுவாரம், வீட்டுக்காரர் சொல்லி அந்தச் சுவரை உடைத்த கொத்தன் சகலைக்குப் போன் செய்தான். பின்னால் காலியிடமே இல்லையாம். ஒரு சாண் கனத்துக்கு இறுகிய கான்கிரீட். அதற்கப்பால் ஆகாயம்.

கான்கிரீட்டின் நட்ட நடுவில் ஒரு கொத்து நரைமுடி. வேரில் தோல். தோலில் ரத்தம் காயவில்லை.

அந்தக் கட்டடம் எழும்பிப் பதினோரு வருஷம் ஆகிறது.