ஜுலைகா பீவி ஓதிய ஒப்பந்தம்

கற்றுக்கொள்ள ரொம்பக் கடினமான மொழி எது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை கிடைக்காத பட்டதாரிகள் இந்தப் பேச்சை வாரம் ஒரு தரமாவது எடுப்பார்கள். சீன மொழிக்கு எழுத்தே ஆயிரக்கணக்கில் என்பான் ஒருவன். இந்தியில் நாற்காலி பெண், கதவு ஆண், இதை எவன் ஞாபகம் வைப்பது என்பான், பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த இன்னொருவன். எல்லாம் வெட்டிப் பேச்சு. இவர்களுக்கு ஜுலைகா பீவியைத் தெரியாது.

சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கு அடுத்த வீடு ஜுலைகா பீவியுடையது. புருஷன் செத்தபோது அவருக்கு இருபத்தாறு வயது, மகன் இப்ராஹீமுக்கு மூன்று. அன்றிலிருந்து பீடி சுற்றித்தான் சாப்பாடு. பீடி சுற்றுகிற விதவையை இந்த ஊரில் எவனும் நின்று பார்க்க மாட்டான். ஆனால் ஜுலைகா பீவி குர்ஆன் ஓதினால் தெருவே அடங்கிவிடும். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு திருத்தம். ஒரு வீட்டில் மௌத், அதாவது சாவு, என்றால் பெண்கள் பக்கம் ஓதுவதற்கு முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். வசதியான வீட்டுப் பெண்கள்கூட எழுந்து நின்று அவருக்கு இடம் கொடுப்பார்கள். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

அவருக்கு அரபு தெரியும் என்றுதான் ஊர் முழுக்க நினைத்தது. நானும் நினைத்தேன். ஆனால் எழுத்துக்கூட்டி ராகத்தோடு ஓதத்தான் அவருக்குச் சிறு வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அர்த்தம் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைக்கு அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டார்கள். நாற்பது வருடம் தினமும் ஓதிய மொழியில் அவரால் யாரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க முடியாது. இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை.

இப்ராஹீம் நல்ல டெய்லர். மேலரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்தான். 1979-இல் அவனுக்கும் மற்ற எல்லோரையும் போல வெளிநாட்டுக் கிறுக்குப் பிடித்தது. மதுரையில் ஒரு ஏஜெண்ட், சவூதியில் தையல் கடை வேலை என்று சொல்லி, ஒப்பந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினான். முழுக்க அரபு. ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று கெடு.

அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்த சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அரபு எழுத்து இருக்கிற எந்தக் காகிதத்தையும் அந்த வீட்டில் தரையில் வைக்க மாட்டார்கள். கடைத்தெருவில் கிடந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் செருகிவிடுவார் ஜுலைகா பீவி. இதையும் அப்படித்தான் வாங்கினார். கை கழுவிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, காகிதத்தைக் கண்ணில் ஒற்றி, தலையணை மேல் விரித்துவைத்து ஓத ஆரம்பித்தார். ஆமாம், ஓதினார். சம்பளம், வேலை நேரம், நிபந்தனை எல்லாவற்றையும் அதே ராகத்தில் ஓதினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நடுநடுவே அவர் விரல் நின்றது. குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்புக் குறிகள் போட்டிருப்பார்களாம். இந்த மாதிரிக் காகிதங்களில் அது இருக்காதாம். அது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வக்கீல்களின் பத்திரங்களைப் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுகிறவன் நான். அர்த்தம் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்க்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்ராஹீம் கேட்டான்: "உம்மா, டெய்லர்னு தெளிவாப் போட்டிருக்கா?"

அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அல்லா பேரைச் சொல்லித்தான் தொடங்கியிருக்கு மக்கா. பிஸ்மில்லான்னு மேல எழுதியிருக்கான். அப்படித் தொடங்குன காயிதத்துல பொய் இருக்குமா?"

"அப்பம் கையெழுத்துப் போட்டுரட்டுமா?"

"போடு."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"அம்மாவே வாசிச்சுட்டாங்க. இனிமே நான் சொல்ல என்ன இருக்கு?" என்றேன். பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்த வாயை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவன் மெஷினை விற்றுவிட்டுப் போனான். மூன்று மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. ஜுலைகா பீவிக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் நான்தான் வாசித்தேன். தையல் கடை இல்லை, ஊரே இல்லை, மணல்காட்டில் ஒரு கூடாரம், இருநூறு ஆடு, பாஸ்போர்ட் முதலாளி கையில். தண்ணீர் லாரி வராத நாளில் குளிப்பதற்கு வழியில்லை என்று எழுதியிருந்தான். ஆடு மேய்க்கத் தெரிந்தவன் இங்கே குருவிகுளம் பக்கம் வரிசையாக நிற்கிறான். கத்தரியைத் தவிர எதையும் பிடித்தறியாத பயலைக் கொண்டுபோய் மந்தைக்குப் பின்னால் விட்டிருக்கிறார்கள்.

"ஏஜெண்டு பொய் சொல்லிட்டான் தம்பி. காயிதத்துல டெய்லர்னுதான் இருக்கும்" என்றார் ஜுலைகா பீவி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்கலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நல்லவேளையாக, நான் என் இன்ஸ்டிட்யூட்டில் கார்பன் வைத்துப் படியெடுப்பது போல, கையெழுத்தானதும் ஏஜெண்ட் ஒரு நகல் கொடுத்திருந்தான். அது அலமாரியில் குர்ஆனுக்குப் பக்கத்தில் பட்டுத்துணியில் சுற்றி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். புளியங்குடியில் பஸ் மாறி கடையநல்லூருக்குப் போனோம். அங்கே அரபு முறையாகப் படித்த ஓர் ஆலிம் இருந்தார்.

ஆலிம் அந்தக் காகிதத்தை ஓதவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் ஒரு நிமிஷம் பார்த்தார். அவ்வளவுதான்.

"ஆடு மேய்க்கிற வேலைன்னுதான் இருக்கு. நாலு வருசம். நடுவுல ஊருக்கு வர முடியாது. பாஸ்போர்ட்ட முதலாளி வச்சுக்கலாம்னும் எழுதியிருக்கு. எல்லாம் தெளிவா இருக்கேம்மா, உங்க மகன் கையெழுத்தும் இருக்கு. யாருகிட்டயும் கொண்டுபோய்க் காட்டலையா?"

ஜுலைகா பீவி தலையைக் குனிந்துகொண்டார். ஏஜெண்ட் வாயால்தான் பொய் சொன்னான், காகிதம் பொய் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேர பஸ் பயண தூரத்தில் அர்த்தம் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். அந்த ஒரு வாரக் கெடுவில் ஏழு தடவை போய் வந்திருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போகணும்னு எனக்குத் தோணுச்சு தம்பி. போனா, எனக்கு அர்த்தம் தெரியாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும். அதான் போகல. எம் பிள்ளைய நான்தான் அனுப்பினேன்." அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வந்தது, வாய் வரவில்லை. சொன்னால் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு அவர் எல்லோரிடமும் வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்தார். மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் மகனுடைய விசாக் காகிதத்தைக் கொண்டுவந்தது. "எனக்கு ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது, கடையநல்லூருக்குக் கொண்டு போங்க" என்றார். அவர்கள் நம்பவில்லை. இவ்வளவு ஓதியும் எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று மெச்சிக்கொண்டு, அந்தக் காகிதத்தை அவர் கையால் தொட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் போனார்கள். கடையநல்லூருக்குப் போனார்களா என்று தெரியாது. போயிருக்க மாட்டார்கள்.

1983-இல் இப்ராஹீம் வந்து சேர்ந்தான். பாதம் வெடித்து, கண்கள் சிறுத்து, ஆளே பாதியாகியிருந்தான். ஊசியில் நூல் கோக்க விரல் நிற்கவில்லை. நாலு வருஷம் இருந்தவன், அரபு தண்ணி பட்ட பாடாக இருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் யாரிடமும் எந்த மொழியிலும் பேசவில்லை.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அவனுக்காக ஒரு கடையில் வேலை கேட்டுவைத்திருந்தேன், அதைச் சொல்லப் போனேன். ஜுலைகா பீவி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மக்கா, அங்கன நீ அவங்க பேச்சத்தானே பேசியிருப்ப. நான் தெனமும் ஓதுததுக்கு ஒரு வரி, ரெண்டு வரி அர்த்தம் சொல்லேன். கண்ண மூடுததுக்குள்ள தெரிஞ்சுக்கிடுதேன்."

ஒரு வசனத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஓதிக் காட்டினார். அவன் கடைசிவரை கேட்டான்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது உம்மா."

"நாலு வருசம் என்னதான் பேசுன?"

"நான் எங்க பேசுனேன். அவன் பேசுவான், நான் கேப்பேன். வா, போ, தண்ணி, ஆடு, சீக்கிரம், கழுத, நாய். இவ்வளவுதான் அவன் சொல்லுவான்."

"ஆட்டோட கழுதையும் நாயும் வேற வச்சிருந்தானா?"

"இல்ல உம்மா. அது ரெண்டும் என்னையச் சொல்லுதது."