விலை விழக் காத்திருந்தவனும் அஸ்ரப் நிஷாவும்

கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை நடத்தும் அஸ்ரப் நிஷாவுக்கு அந்த மூன்று வாரமும் சோறு இறங்கவில்லை. கணவர் பக்கீர் முகமது போனில் பங்கு விலையைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்கா விழும், இன்றைக்கா என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பங்கு வந்ததே அவள் வாய்ச்சொல்லால்தான். "எந்தக் கம்பெனி மாத்திரை ஜாஸ்தி ஓடுது?" என்று ஒருநாள் கேட்டார், சொன்னாள். மகள் ஃபரீனின் படிப்புக்கு வைத்திருந்ததை அப்படியே அந்தக் கம்பெனிப் பங்கில் போட்டுவிட்டார்.

பிறகுதான் வெள்ளிமலையிலிருந்து மாதாமாதம் பஸ் பிடித்து வரும் சாலம்மாள் கேட்டாள்: "இன்னா மாத்திரை குடுத்த பாயம்மா? முழுங்கிக்கினுதான் கீறேன், தலை சுத்தல் வுடலியே."

பிரஷர் இறங்கவே இல்லை. இன்னும் நாலு பேருக்கும் அதே கதை, அதே கம்பெனி மாத்திரை, அதே பேட்ச். மிச்ச அட்டைகளை விற்காமல் ஒதுக்கிவைத்து, அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினாள். பதில் இல்லை.

அந்தக் கம்பெனி மீது புகார் தேடி மும்பையிலிருந்து பங்கு வியாபாரி ஒருவன் வந்தான். அட்டைகளையும் பில்லையும் கேட்டான். தன் நோக்கத்தை அவன் ஒளிக்கவில்லை.

"அந்தப் பங்கைக் கடனா வாங்கி வித்துட்டோம். இந்த மாத்திரையை லேப்ல சோதிச்சு முடிவை வெளியிட்டா விலை விழும். கம்மி விலைக்குத் திரும்ப வாங்கிக் கடனை அடைப்போம். மிச்சம் எங்களுக்கு."

"கையில இல்லாததை விக்கிறது எங்க மார்க்கத்துல கூடாதுங்க."

"மாத்திரையில இல்லாத மருந்தை விக்கிறது?"

அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது: மாத்திரையில் இருக்கவேண்டிய மருந்தில் பாதிகூட இல்லை. நாலே நாளில் பங்கு பாதி விலைக்கு இறங்கியது. சதி என்று கத்திய கம்பெனி, அந்தப் பேட்சைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றது. சாலம்மாளின் உயிருக்கு அசையாத நாற்காலிகள் பங்கு விலைக்கு அசைந்தன.

அட்டைகளைக் கொடுத்தது தான்தான் என்று அன்றுதான் கணவரிடம் சொன்னாள்.

"மூணு வாரமா தெரிஞ்சிக்கினே இருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே வித்திருப்பேனே நிஷா."

"யாருக்குங்க வித்திருப்பீங்க?"

"எவனோ ஒருத்தனுக்கு."

"அவன் வூட்லயும் ஒரு ஃபரீன் இருப்பாளே."

"பெரிய மகான், அவுலியா நீ" என்று எழுந்து போனார்.

மும்பைக்காரன் தன் கடனை அடைத்து லாபத்தோடு ஒதுங்கிவிட்டான். ஃபரீனின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பக்கீர் முகமது போனும் கையுமாகக் கடைக்கு வந்து நின்றார்.

"இப்ப எந்தக் கம்பெனி மாத்திரை ஓடுது?"

நிஷா சாலம்மாளின் கையில் பட்டையைச் சுற்றி, பிரஷர் மிஷினில் எண் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.