விற்காத போத்தல்

பொருளாதாரத் தடைக் காலம். எங்கள் வருசச் சாப்பாடே மிளகாய்த் தோட்டம்தான். இலை சுருண்டதும், எனக்கே நோய் வந்ததுபோலப் பயிர் மருந்துக்கடைக்கு ஓடினேன். மெலிந்த கடைக்காரர் வழக்கம்போலப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு போத்தலை எடுத்து வைத்தார்.

"இலைப்பேன், தம்பி. இதுதான் சரியான மருந்து."

"வெறும் போத்தலெல்லோ அண்ணை?"

"ஓம். சரியானதைக் கேட்டீர், காட்டினன். தடையாலை இப்ப வாறேல்லை."

"அந்த நிறைஞ்ச போத்தல்?"

"உது புழுவுக்கு. பேனுக்குக் கேளாது. தரமாட்டன்."

பதற்றத்துக்குக் காது ஏது? வேறு கடையில் அதையே வாங்கி, இரண்டு மடங்காகக் கலந்து அடித்தேன்.

ஒரு கிழமை கழித்துக் கடைக்காரர் என்னை வழியில் கண்டு கேட்டார்: "பேன் போயிட்டுதோ?"

"ஓம் அண்ணை. அது இருக்க இலையில்லை."

அவர் சிரிக்கவில்லை. அவர் துடைத்ததெல்லாம் வெறும் போத்தல்கள், அவருடைய கடையில் விற்பதற்கு இருந்ததே எனக்குத் தரமறுத்த அந்த ஒரு நிறைந்த போத்தல்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.