மழை செட்

எங்கள் தோட்டத்தில் மழை வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்ட ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். இலங்கையில் எஹலியகொடவுக்கு மேலே, சரிவெல்லாம் ரப்பர் மரம் நிற்கும் தோட்டம் அது. விடியும்போது மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். பால் வெட்ட முடியாது. அன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை. அம்மா கதவைத் திறந்து வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். நானோ பாயிலிருந்து துள்ளி எழுவேன். மழை என்றால் பால் நிறுக்கும் தகரக் கொட்டகையான மடுவம் காலி. மடுவம் காலி என்றால் சித்தப்பாவின் பாட்டு செட் அங்கே கூடும்.

செட் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். துரை பங்களாவில் கழுத்து முறிந்து குப்பைக்குப் போன ஒரு கிட்டாரைச் சித்தப்பா கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தச்சர் ஒருவர் அதற்கு ரப்பர் மரத்தில் புதுக் கழுத்து வைத்துக் கொடுத்தார். வேலை முடிந்தும் அவர் போகவில்லை. மறுநாள் தன் மெண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தச்சர்களை அங்கே கூப்பிடுவதுபோல் எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றார்கள். எனக்கு பாஸ் மாமா. தாளத்துக்குத் தப்பு மாமா. காமன் கூத்துக்கும் சாவுக்கும் தப்பு அடிக்கிறவர், இங்கே அதை விரலால் மட்டும் தட்டிக்கொண்டு, சத்தம் போட்டால் யாராவது அடிப்பார்களோ என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

பாடுகிறவள் என் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே கடைசி வீடு அவளுடையது. அவளுக்குப் பிள்ளை இல்லை. பாதி நாள் நான் அவள் மடியில்தான் தூங்குவேன். சுற்றியுள்ள தோட்டங்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அத்தையைக் கூப்பிட ஆள் வரும். செத்தவரின் வெற்றிலைப் பெட்டி, வளர்த்த ஆடு, கட்டாமல் விட்ட கூரை என்று எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டிவிடுவாள். வராத அழுகையும் வந்துவிடும்.

அதுதான் செட்டுக்குப் பிடித்த சனியன். சினிமாப் பாட்டு வேண்டாம், நம்ம பாட்டுத்தான் என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். கல்யாண வீட்டுக்காரர்களோ இரத்தினபுரியிலிருந்து ஒலிபெருக்கியோடு லொறியில் வரும் செட்டைத்தான் பிடித்தார்கள். ஒரே ஒரு கல்யாணம் எங்கள் செட்டுக்கு வாய்த்தது. அத்தை வாய் திறந்து இரண்டு அடி பாடினாள். பெண்ணின் தாய் விம்ம ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“இது கல்யாண வீடா, கருமாதி வீடா?”

சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள். ஆனால் சித்தப்பா அந்தச் சோற்றில் கை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிட்டாரை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு பெய்த இரண்டு மூன்று மழை எனக்கு மழையாகவே தெரியவில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பாஸ்போட் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டி, கொழும்புக்கு பஸ் ஏறி, தலைமன்னார் ரயில் பிடித்துக் கப்பலுக்குப் போனார்கள். அப்படிப் போக இருந்த கங்காணி ஒருவர் ஒரு மழைக் காலையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“நாளாண்ணைக்குப் போறோம் தம்பி. மேளம் வச்சா கல்யாணம் மாதிரி இருக்கு. தப்பு மட்டும் அடிச்சா சாவு மாதிரி இருக்கு. சும்மா எந்திரிச்சுப் போகவும் மனசு வரல. நீங்க வந்து என்னமாச்சும் பாடுங்களேன்.”

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை ஆணியைப் பார்த்தாள். கிட்டார் இறங்கியது.

கங்காணி வீட்டு முற்றத்தில் அத்தை அன்று பாடியதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அவர் நட்டு இன்னும் காய்க்காத பலாமரத்தைப் பாடினாள். அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்ட கோழி மாலையானதும் பழைய வீட்டுக்கே ஓடி வருவதைப் பாடினாள். ஒவ்வொன்றுக்கும் முடிவில் இரண்டு அடி திரும்பத் திரும்ப வரும்:

*வெட்டுன மரத்திலெல்லாம் வெள்ளையாப் பாலொழுகும்*
*விட்டுப் போற வாசலிலே வேற என்ன ஒழுகுமம்மா*

எங்கள் லயத்தில் கூரைதான் ஒழுகும் என்று நான் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கங்காணி எழுந்து போய் அந்தப் பலாமரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கிராமத்திலிருந்து வந்து வேலியோரம் நின்ற சிங்களப் பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ் மாமா மெண்டலினைக் கீழே வைத்துவிட்டு, “அக்கே, வசனம் தேரென்னே நே. ஆனா அழுகை வருது” என்றார். ஒரு சொல்லும் விளங்காமலே அவர் அவ்வளவு நேரமும் தப்பில்லாமல் வாசித்திருந்தார்.

அதன் பிறகு செட்டுக்கு ஓய்வே இல்லை. எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கிலிருந்து கூப்பிட்டார்கள், ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். றக்வானைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலிருந்துகூட ஆள் வந்தது. வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் தப்பு மாமா தப்பை மடியில் வைத்துக்கொண்டு குமட்டலை அடக்கிய கதையைச் சித்தப்பா வந்து நடித்துக் காட்டுவார். மழைக்கு மட்டும் கூடுகிறவர்கள் என்று ‘மழை செட்டு’ எனக் கேலியாக வைத்த பெயர், மரியாதைப் பெயராகிவிட்டது. இரத்தினபுரி ஒலிபெருக்கிக்காரரே ஒருநாள் வீடு தேடி வந்து, என் மைக்கில் வந்து பாடுங்கள் என்று அத்தையைக் கேட்டார்.

“மடுவத்துத் தகரத்துல அடிக்கிற மழையவே அமுக்கிப் பாடுறேன். ஒங்க பொட்டி எனக்கு எதுக்குங்க?” என்றாள் அத்தை. மனுசன் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் நடந்த நடையைப் பார்த்து வாத்தியாரே காலில் முள்ளா என்று கேட்டார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எல்லார் வீட்டிலும் பாடுகிற செட், எங்கள் வீட்டில் மட்டும் பாடவில்லை. இந்தியாவுக்குப் போவது என்றால் கதிர்காமத்துக்குப் போவதுபோல என்றுதான் நான் நினைத்திருந்தேன். போனவர்கள் திருநீறும் மாலையுமாகத் திரும்பி வருவார்கள். மூன்றாம் வீட்டுச் சிநேகிதி விட்டுப்போன துணிப் பொம்மையைக்கூட அவள் வந்ததும் கொடுக்க வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். அதனால் வெட்கமில்லாமல் நச்சரித்தேன்.

“எங்க வீட்டுல எப்பத்தே பாடுவீங்க?”

அம்மா அகப்பையை ஓங்கினாள். “வாய மூடுடி, கரிநாக்கு!”

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “திட்டாதீங்க அண்ணி. பாட்டுதானே கேக்குது” என்றாள். சித்தப்பா கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, “நம்ம செட்டு வளர வளர, கேக்குறதுக்கு ஆளு கொறையுதுக்கா” என்றார். பாட்டு இவ்வளவு நன்றாக இருக்கும்போது ஆள் ஏன் குறைய வேண்டும்? சித்தப்பாவுக்கு எப்போதும் குறைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் வீட்டுக்கும் முறை வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் இந்த நாட்டிலேயே இருக்க எழுதியிருந்தார்கள். அத்தையின் புருஷன் வீட்டில் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். மாமாவுக்குப் பாஸ்போட் வந்தது. மாமாவோடு அத்தையும் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் காதுக்குள் போனது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை நம்ம வாசலில் செட்.

தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு லயம் முழுக்க ஓடி, “எங்க வீட்டுல செட்டு! எங்க வீட்டுல செட்டு!” என்று அழைத்தேன். பெண்கள் என் கன்னத்தைத் தடவினார்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு ஏனோ விடவே இல்லை. நான் திமிறிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை அன்று எங்கள் எல்லோரையும் பாடினாள். அம்மாவின் கையால் தின்ற சூட்டு ரொட்டியையும் தேத்தண்ணீரையும் பாடினாள். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு, விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன அண்ணனைப் பாடினாள். அப்பா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். சித்தப்பாவையும் அவருடைய ஒட்டுப்போட்ட கிட்டாரையும் பாடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

*மழை வேணும் மழை வேணும்னு மண்டி போட்டுக் கேட்டவளே*
*மழை வருற நாளிலெல்லாம் மடுவத்துக்கு வந்திரடி*

என்னைப் பற்றி ஒரு பாட்டு! நான் எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு போகிறவர்களைப் பற்றிப் பாட வேண்டும். அதுதான் வழக்கம். தப்பு மாமா தாளத்தைக் கொடுத்தார். அத்தை வாயைத் திறந்தாள்; குரல் வரவில்லை. மறுபடியும் தாளம் கொடுத்தார். ஊருக்கெல்லாம் பாட்டுக் கட்டியவள் தனக்கென்று ஓர் அடி கட்ட முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சித்தப்பா, பாட்டே வராத சித்தப்பா, “வெட்டுன மரத்திலெல்லாம்” என்று எடுத்தார். பாஸ் மாமா சேர்ந்தார். முற்றத்தில் இருந்த எல்லோரும் சேர்ந்தார்கள். தோட்டமே அத்தைக்காகப் பாடியது. நல்ல பாட்டை எல்லோருமாகக் கெடுக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது. அன்றும் அத்தையின் மடியில்தான் தூங்கினேன். விழித்தபோது அம்மாவின் பாயில் இருந்தேன். கடைசி வீடு பூட்டியிருந்தது.

அதற்குப் பிறகு வானம் வெளுத்தே கிடந்தது. அம்மாவும் மற்றவர்களும் நாள் தவறாமல் பால் வெட்டப் போனார்கள். நான் பிள்ளையாருக்குப் போட்ட தோப்புக்கரணத்தில் என் தொடை வலித்தது. கடைசியில் ஒரு விடியலில் கொட்டியது பாருங்கள் மழை! சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மடுவத்துக்கு ஓடினேன். அத்தை உட்காரும் பலகையைச் சட்டையால் துடைத்துவைத்தேன்.

முதலில் தப்பு மாமா வந்தார். பிறகு பாஸ் மாமா, கிராமத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தார். சித்தப்பா கடைசியாக வந்தார். ஒருவரையொருவர் எதிர்பார்க்காதவர்கள்போல் நின்றார்கள். மூவரும் துடைத்த பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா உட்கார்ந்து வெகுநேரம் சுருதி சேர்த்தார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார்கள். அத்தை பாட வேண்டிய இடம் வந்ததும் சித்தப்பா பாட்டைத் தாண்டிப் போகாமல், அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வாசித்தார்.

“பபா, நீ பாடு” என்றார் பாஸ் மாமா. சிங்களத்தில் பபா என்றால் குழந்தை.

அப்போது என் வாயில் வந்தது என்னைப் பற்றிய அடிதான். அதைப் பாடினேன். மழைக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திப் பாடினேன். “இன்னொருக்கா” என்றார் சித்தப்பா. பிறகு பல வருஷம் அந்தச் செட்டில் நான்தான் பாடினேன். எனக்குப் பாட்டு என்று ஒன்று வந்தது அந்த மடுவத்தில்தான், அந்த மூன்று பேரால்தான். அன்றைக்கு அவர்கள் வராமல் இருந்திருக்கலாம். வந்து, விஷயத்தைச் சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அவர்கள் சொல்லவில்லை, வாசித்தார்கள். அந்த நன்றியை நான் அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

அன்று எனக்கு நன்றியெல்லாம் எங்கே தெரிந்தது? பாடிக்கொண்டே தகரக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. அத்தை வந்து சேர்வதற்குள் மழை விட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.