பக்கத்து இருக்கையைக் கேட்டவர்

ஞானசீலன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது என் கணவரின் கைபேசிக்கு வந்தது. நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். பெரியகல்லாற்றில் வாகனங்களுக்கு மின்வேலை செய்தவர். அவரை அறியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். களைப்பில் ஏதும் விடுபட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாரியில் எங்கள் பிக்கப்பில், பிரேக் பிழையைக் காட்டும் ஏபிஎஸ் லைற் எரியத் தொடங்கியது. அது எரியும்போது ஈரத் தெருவில் சடுதியாகப் பிரேக் பிடித்தால், சில்லு இறுகி வண்டி வழுக்கலாம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்துதான் மகள் பாலர் பாடசாலைக்குப் போவாள். இரண்டு கராஜில் முன் இடச் சில்லின் சென்சரை மாற்றினார்கள், லைற் போகவில்லை. மூன்றாவது இடத்தில், "பல்பக் கழட்டி விடுறம், அக்காட பயமும் போயிரும்" என்றார்கள். கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவதாக ஞானசீலன் அண்ணனிடம் போனோம். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஓட்டுற ஆள் ரோட்டத்தான் பாப்பார். லைற்றப் பாக்கிறது பக்கத்தில இருக்கிற ஆள்தான்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வந்தார்.

"எங்கெங்க எரிஞ்சது தங்கச்சி?"

வெட்கத்தோடு மகளின் கொப்பியை நீட்டினேன். லைற் வந்த இடங்களையெல்லாம் அதன் பின்பக்கத்தில் குறித்திருந்தேன். பாடசாலைச் சந்தி. கோயில் வளைவு. எங்கள் வீட்டுப் படலை வாசல்.

"புள்ளைக்கு ஆனா ஆவன்னா எழுத வாங்கின கொப்பி அண்ணன். தாய்தான் எழுதி முடிக்கிறா" என்றார் கணவர்.

"எழுதட்டும். எல்லாம் இடப்பக்கம் திரும்புற இடமாக் கிடக்கு" என்றார் அவர்.

முன் இடச் சில்லுக்குப் போகும் வயரில் மீற்றரைப் பிடித்தபடி, என்னைச் சாரதி இருக்கையில் ஏற்றி ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். நேராக நின்றபோது ஒரு குறையும் இல்லை. முழுதாக இடப்பக்கம் திருப்பியதும் தொடர்பு அறுந்தது. வெளியுறை நன்றாகவே இருக்க, உள்ளே கம்பி முறிந்திருந்தது. புதுச் சென்சரை அந்தப் பழைய வயரிலேயே கொளுவிக் கொளுவி விட்டிருக்கிறார்கள்.

வயரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசத்தால வாங்க தங்கச்சி. இதே மாதிரித் திருப்பிப் பாப்பம். பயம் வந்தா மறைக்காதீங்க. அதையும் கொண்டு வாங்க."

பிறகு லைற் எரியவில்லை. மகளுக்குச் சளி, எனக்கு அலுப்பு. ஒரு மாதம் பல மாதமாயிற்று. நான் போகவில்லை.

சாவீட்டிலிருந்து போயிட்டு வாறம் என்று சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது. அவரது வீட்டிலிருந்தும் சொல்லாமலே எழுந்து வந்தோம். வழியில், பூட்டிக் கிடந்த அவரது கராஜின் முன் நிறுத்தச் சொன்னேன். கணவர் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம். பக்கத்து இருக்கையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரியல்ல, அண்ணன். போயிட்டு வாறம்.