மணிக்கட்டில் விட்ட எண்ணெய்

நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டுப் பல் கறுத்துவருகிற மணம் வந்தால் இப்போதும் என் தலை தானாக ஒரு பக்கம் சரிகிறது. சனிக்கிழமை காலையில், முழுக்குக்கு முன்னர், அம்மா இரும்புக் கரண்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தட்டிய உள்ளி ஒன்றைப் போட்டு அடுப்புத் தணலுக்கு மேல் பிடித்திருப்பார். நானும் தம்பியும் பழைய சேலைத் துணியை விரித்து, காதைக் கூரைக்குக் காட்டிக்கொண்டு படுத்திருப்போம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் "குறும்பி" என்கிற காதழுக்கு அதிகம். "வயல் விளையாத வருசத்திலயும் உங்கட காது விளையும்" என்று அப்பா பகிடி பண்ணுவார். ஈர்க்கோ கொண்டையூசியோ விட்டுக் கிண்டினால் குறும்பி உள்ளே போய் இறுகிவிடும் என்று அம்மா எங்கள் கையைத் தட்டிவிடுவார். அவர் செய்ததெல்லாம் காது மடலை மேலே இழுத்து நாலு துளி விடுவதும், காதுக்கு முன்னால் பெருவிரலால் உருவிவிடுவதும், தலைக்கு எண்ணெய் தேய்த்து முடிகிறவரை அசையவிடாமல் வைத்திருப்பதும், பிறகு மறுபக்கம் புரட்டி எண்ணெயைத் துணியில் வடியவிடுவதும்தான். இரண்டு மூன்று சனிக்கிழமை போனால் குறும்பி இளகித் தானாக வெளியே வந்துவிடும். ஓடுகிற காதுக்கு மட்டும் எண்ணெய் விடக் கூடாது. சீழ் வடியும் காதைத்தான் "ஓடுற காது" என்போம். கரண்டியைக் கையில் எடுத்தாலே அம்மா முதலில் கேட்பது, "காது ஓடுதோ?"

எண்ணெயின் சூட்டை அம்மா தன் கையில் பார்ப்பதில்லை. நாற்று நட்டு, நெல் குத்தி, அடுப்புக் கட்டை தள்ளி மரத்துப்போன தோல் அவருடையது. பிள்ளையின் காதுக்குப் பிள்ளையின் தோல்தான் அளவு என்று, மூத்தவளான என் இடது மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு துளி விடுவார். "சுடுதோ பிள்ளை?" என்று கேட்பார். நான் "இல்லையம்மா" என்று சொன்னால்தான் கரண்டி அடுத்த காதுக்குப் போகும்.

எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. அந்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. தம்பி விடிந்தால் பொழுதுபடும்வரை தண்ணீரில்தான். வெள்ளிக்கிழமை காலை அவன் தலையணையில் மஞ்சளாய் ஒரு கறையைப் பார்த்தேன். மோந்து பார்த்தேன், நாறியது.

"அக்கா, அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அப்பா குளத்துப் பக்கமே விடமாட்டார். உனக்குத் தாமரைக்காய் ஆய்ஞ்சு தாறன்" என்றான். தாமரைக்காய்க்காக இல்லை, எதையும் போய்ச் சொல்வது எனக்கு எப்போதும் பாரமான வேலை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் அவன் சேட்டு நுனியால் காதைத் துடைத்துவிட்டு வந்து படுத்தான். அம்மா கேட்டபோது, "ஓடேல்லை, அடைச்சுக் கிடக்குது" என்றான். என் மணிக்கட்டில் துளி விழுந்தது. வெயிலில் கிடந்த வாளித் தண்ணீர் அளவுச் சூடு. "சுடுதோ பிள்ளை?" "இல்லையம்மா" என்றேன். அடுத்த சொல் வாய்வரை வந்து அங்கேயே நின்றது.

வலது காதில் எண்ணெய் இறங்கியதும் தம்பி அலறிக்கொண்டு எழும்பி, இரண்டடி நடந்து, தலை சுற்றி விழுந்து சத்தி எடுத்தான். பின்னேரம் காய்ச்சலும் வந்தது. அப்பா சைக்கிளில் போய் ஊர் வைத்தியரான பரியாரியாரைக் கூட்டிவந்தார். அவரும் முதலில் கேட்டது அதைத்தான்: "முதலே காது ஓடினதோ?"

அம்மா தம்பியைப் பார்த்தார். அவன் இல்லையென்று தலையசைத்தான். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்ப எண்ணெய்ச் சூடுதான் கூடிப்போச்சு" என்றார் பரியாரியார்.

"பிள்ளை சுடேல்லை எண்டுதான் சொன்னவள்" என்று அப்பா சொன்னார்.

"அவள் பயந்த பிள்ளை. சுட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள். நான்தான் கவனிச்சிருக்கோணும்" என்றார் அம்மா.

காய்ச்சல் மாறியது, அந்தக் காது கேட்காமல் போயிற்று. அதன்பிறகு அம்மா யாருடைய காதுக்கும் எண்ணெய் விடவில்லை. அயலில் பிள்ளைகளைத் தூக்கிவந்து கேட்டவர்களிடம், "என்ர கை சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். என் காதுகளில் குறும்பி சேர்ந்து அடைத்தது. எண்ணெய் விடச் சொல்லி அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் ரீச்சரின் குரல் குளத்துக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் வரும். "செவிட்டுப் பெட்டை" என்று பின்வரிசை வாங்கில் சொல்வதும் அப்படித்தான் வரும். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பெரிய துக்கமாக இருக்கவில்லை. எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடந்தன, அவ்வளவுதான்.

பல வருடங்களுக்குப் பிறகு சண்டையில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது அம்மாவையும் கூட்டிப்போனோம். அப்பா அதற்கு முன்னரே செத்துவிட்டார். தறப்பாள் கொட்டிலில் அம்மா காய்ச்சலாய்க் கிடந்தார். ஒருநாள் மத்தியானம் கஞ்சி பருக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்டைக்கு எண்ணெய் கனக்கச் சூடோ பிள்ளை? இப்பவாவது சொல்லு."

தம்பி வாசலில் விறகு கொத்திக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொட்டில் ஆட்களும் இருந்தார்கள். சுடவில்லை என்றால், பிறகு ஏன் அப்படி ஆனது என்று கேட்பார். "எனக்கு ஞாபகமில்லையம்மா" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். நாலாம் நாள் செத்துப்போனார். அங்கேயே ஒரு பாலைமரத்துக்குக் கிட்டப் புதைத்துவிட்டு, பின்னேரமே சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தோம். நான் அழுததாக நினைவில்லை.

மீள்குடியேற்றத்தில் ஊருக்குத் திரும்பி வந்து இது மூன்றாம் வருடம். பழைய வீட்டில் அத்திவாரம் மட்டும் இருந்தது. அதற்கு மேல் தகரம் போட்டிருக்கிறோம். போன மாதம் தம்பி தலையைத் தட்டிக்கொண்டு வந்தான். மிச்சமிருந்த இடது காதையும் குறும்பி அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், வலது செவிப்பறையில் பழைய ஓட்டை இருக்கிறது, அதற்குள் ஒன்றும் விடவேண்டாம் என்றும், இடது நல்லாய் இருக்கிறது, எண்ணெய் விட்டு இளக்கிக்கொண்டு அடுத்த கிழமை வரட்டும், கழுவி எடுக்கலாம் என்றும் அவன் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேலையை அவள் என்னிடம் விட்டாள்.

"அக்கா, இந்தக் கிழமை என்னை ஆரும் என்னவும் ஏசலாம். நல்ல சந்தர்ப்பம், விடாதேங்கோ!" என்று தம்பி வளவு முழுக்கக் கேட்கக் கத்திச் சிரித்துவிட்டுச் சரிந்து படுத்தான்.

சில்வர் கரண்டியில் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி அவன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டு, முகத்தைப் பார்த்தேன். "சுடேல்லை" என்றான். நாலு துளி விட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். காதுக்கு முன்னால் பெருவிரலால் உருவிக்கொண்டே சாதாரணக் குரலில் சொன்னேன்: "அண்டைக்கும் சுடேல்லையடா. உன்ர காது முதலே ஓடினது. எனக்குத் தெரியும். அம்மா கேக்கேக்கை நான் சொல்லேல்லை."

ஒரு காது செவிடு, மற்றக் காதில் எண்ணெய். அவன் அசையவில்லை. கிணற்றடியில் அவன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடங்களுக்குப் பிறகு முழுவதையும் சொல்லிவிட்டேன். ஒன்றும் குறையவில்லை, கூடவும் இல்லை.

அடுத்த கிழமை காது திறந்து வந்து, தகரத்தில் காகம் நடக்கிற சத்தத்தைக்கூடத் தாங்க முடியவில்லை என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அம்மாவின் இரும்புக் கரண்டி எந்த இடப்பெயர்வில் தவறியதோ தெரியாது. அந்தப் பாலைமரம் எது என்று போய்த் தேடினாலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணெய் விட்ட அன்று, தம்பியை மறுபக்கம் புரட்டிவிட்ட பிறகு கரண்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அதை என் இடது மணிக்கட்டில், அம்மா விடுகிற அதே இடத்தில் விட்டுப் பார்த்தேன். சுடவில்லை.